தயிரும் தொண்டை நோவும்

சென்ற தவணையின் இறுதி வாரத்திலே ஒரு நாள், எமது கல்லூரி ஆய்வுகூடத்தில் உயர்தர வகுப்பு மாணவர்கள் யோகட்டிலுள்ள பற்றீரியாக்களைச் சாயமூட்டி நுணுக்குக்காட்டியிற் பார்த்துக்கொண்டிருந்தனர். மணி அடித்து மற்றையோர் வெளியேறிய பின்னும் ஒரு மாணவன் மட்டும் தன் இடத்தைவிட்டு அகலவில்லை. பாடநூலை விரித்து வைத்து, அதிலிருந்த படமொன்றையும் வில்லையினூடாகத் தான் கண்டதையும் மாறி மாறி ஒப்புநோக்கிக்கொண்டிருந்தான்.

"சேர், ஒரு சந்தேகம்" என்றான். "தொண்டை நோவை உண்டாக்கும் கிருமியென்று புத்தகத்திலே போட்டிருக்கும் படமும், இந்த யோகட்டிலே நான் காண்பதும் ஒன்றாகவே இருக்கின்றன. இரண்டும் ஊதா நிறம். இரண்டும் மணிமாலை போன்ற சங்கிலி. பெயரிலும் முற்பாதி ஒன்றுதான். தொண்டை நோவோடு தயிர், யோகட் ஒன்றும் தின்னக் கூடாதென்று அம்மா தம்பியைத் தடுத்து வைத்திருக்கிறா. அவ சொல்வது சரிதானா?"

விசாரித்தபோது விடயம் விளங்கிற்று. அவனுடைய தம்பி ஒன்பது வயதுச் சிறுவன். மூன்று நாட்களாகத் தொண்டை நோ, எச்சில் விழுங்கவும் வேதனை, காய்ச்சலும் உண்டு. அன்று காலையிலே வைத்தியரிடம் காட்டியிருக்கின்றனர். அவர் பஞ்சு சுற்றிய குச்சியொன்றினால் தொண்டையின் உட்புறத்தைத் துடைத்தெடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிவு வர இரண்டு நாளாகும் என்றும், அதன் பின்னர் மருந்தைத் தீர்மானிக்கலாம் என்றும் கூறினாராம். வீட்டிலோ பொறுமையில்லை. முன்னொரு முறை மூத்தவனுக்குக் கொடுத்து மிஞ்சிய குளிசைகள் அலுமாரியிற் கிடக்கின்றன. அவற்றைக் கொடுத்துவிட்டால் என்ன என்று தாயார் கேட்கிறாராம்.

"நுணுக்குக்காட்டியிலே பத்து நிமிடத்திற் பார்க்கக்கூடியதற்கு இரண்டு நாள் எதற்கு, சேர்?" என்பது அவனுடைய இரண்டாவது கேள்வி.

இரண்டும் நல்ல கேள்விகள். அவன் கண்டதில் யாதொரு பிழையுமில்லை. கண்டதிலிருந்து முடிவுக்குத் தாவுமிடத்திலேதான் பிழை புகக் காத்திருந்தது. ஆதலின், அந்த இரண்டு நாட்களிலே ஆய்வுகூடத்தில் நடப்பது என்ன என்பதை அவனுக்குச் சொன்னவாறே இவ்வாரம் எமது வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகின்றோம். பிள்ளைகள் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் இது பயன்படும் என்பது எமது நம்பிக்கை.

ஊதா நிறம் பிறந்த கதை

1884 ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்து வைத்தியசாலையொன்றில், முப்பது வயதினரான டென்மார்க் தேச வைத்தியர் ஒருவர் ஒரு சிக்கலோடு போராடிக்கொண்டிருந்தார். ஹான்ஸ் கிறிஸ்தியன் கிராம் என்பது அவர் பெயர். நியூமோனியாவினால் இறந்தவர்களின் நுரையீரலை மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமூட்டினால் கிருமியும் சாயமேற்றது. அதனைச் சூழ்ந்திருந்த நுரையீரல் இழையமும் சாயமேற்றது. எங்கும் ஒரே நிறமாயின் கிருமியைப் பிரித்தறிவது எங்ஙனம்? கிராம் ஊதாச் சாயத்தின்மேல் அயடீன் கரைசலை ஊற்றினார். அதன்பின் மதுசாரத்தினாற் கழுவினார். இழையத்தினின்றும் நிறம் அகன்றது. கிருமிகளிலே நிறம் தங்கிற்று.

ஆனால் எல்லாக் கிருமிகளிலும் தங்கவில்லை. சில வகைகள் இழையத்தைப் போலவே ஊதா நிறத்தை இழந்துவிட்டன. நியூமோனியாவை உண்டாக்கும் கிருமி எது என்று அக்காலத்து அறிஞரிடையே பெரும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. இன்று நாம் நியூமோகொக்கஸ் என்று அழைக்கும் கிருமி ஊதா நிறத்தை விடாது பற்றிக்கொள்வது. கிராம் பணியாற்றிய ஆய்வுகூடத்தின் அறிஞர் பிரீட்லெண்டர் கண்டறிந்த மற்றக் கிருமியோ அந்நிறத்தை விட்டுவிடுவது. ஒரே நோயின் பெயரால் அழைக்கப்பட்ட இரண்டு வேறு கிருமிகளைப் பிரித்துக்காட்டும் வழி இவ்வாறு பிறந்தது.

கிராம் தமது முறையைப் பற்றிப் பெருமை பேசினாரல்லர். அது குறையுடைய முறையே என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், ஏனையோர் கையிலும் அது பயன்படக்கூடும் என்ற நம்பிக்கையினாலேயே வெளியிடுவதாகவும் அவர் தமது கட்டுரையிலேயே ஒப்புக்கொண்டார். நிறமிழந்த கிருமிகளும் கண்ணுக்குத் தெரியும்படி இறுதியிற் சிவப்புச் சாயமொன்றைச் சேர்க்கும் வழக்கம் பின்வந்தோரால் ஏற்பட்டது. ஊதா நிறத்தைக் காத்துக்கொள்வன கிராம் நேர்ப் பற்றீரியா என்றும், அதனை இழந்து சிவப்பை ஏற்பன கிராம் மறைப் பற்றீரியா என்றும் இன்று வழங்கப்படுகின்றன. நேர் என்றால் நல்லது, மறை என்றால் தீயது என்று எவரும் கருதிவிடலாகாது. இவை நிறத்தின் பெயர்களேயன்றிக் குணத்தின் பெயர்களல்ல.

மதுசாரம் ஊற்றும் சில விநாடி

எமது மாணவர்கள் அன்று செய்ததும் இதையே. யோகட்டிற் சிறிதளவைத் தண்ணீரிற் கலந்து, கண்ணாடி வழுக்கியின்மீது மெல்லிய பூச்சாகப் பூசி, காற்றில் உலரவிட்டு, சுடரின்மேலாக இரண்டு மூன்று முறை விரைவாகக் கொண்டுசென்றனர். இவ்வாறு செய்தால் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேற் கிறிஸ்டல் வயலட் என்னும் ஊதாச் சாயம் ஒரு நிமிடம். தண்ணீரிற் கழுவிய பின் அயடீன் கரைசல் ஒரு நிமிடம். மீண்டும் கழுவி, சாய்த்துப் பிடித்த வழுக்கியின்மேல் மதுசாரம் துளித்துளியாக. வழிந்தோடும் மதுசாரத்தில் ஊதா நிறம் நின்றதும் உடனே தண்ணீர் ஊற்றி நிறுத்த வேண்டும். இறுதியாகச் சஃப்ரனின் என்னும் சிவப்புச் சாயம் ஒரு நிமிடம். கழுவி, ஒற்றி உலர்த்தி, ஒரு துளி எண்ணெய் இட்டு, 1000 மடங்கு பெருப்பித்துக் காட்டும் வில்லையினூடாகப் பார்த்தல் வேண்டும்.

நிறம் ஏன் சிலவற்றில் தங்குகிறது? விடை பற்றீரியாவின் கலச்சுவரிலே இருக்கிறது. சாயமும் அயடீனும் கலத்தினுள்ளே கூடிப் பெரிய துணிக்கைகளாகின்றன. கிராம் நேர் வகையின் சுவர் தடித்தது. 20 முதல் 80 நனோமீற்றர் வரை தடிப்புடையது. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர். எமக்கு மிகச் சிறியதாகத் தோன்றும் இந்தத் தடிப்பு பற்றீரியாவுக்குக் கோட்டை மதிலாகும். மதுசாரம் அச்சுவரிலுள்ள நீரை உறிஞ்ச, சுவர் சுருங்கி இறுகுகின்றது. நெருக்கிக் கட்டிய பனையோலை வேலியிலே பொட்டுகள் அடைபட்டதைப் போல வழிகள் அடைபட, சாயம் உள்ளே சிறைப்படுகின்றது. கிராம் மறை வகையின் சுவரோ சில நனோமீற்றர் தடிப்பே உடையது. அதன் வெளியே கொழுப்புத்தன்மையுள்ள மென்சவ்வொன்று உண்டு. மதுசாரம் அச்சவ்வைக் கரைத்துவிட, மெல்லிய சுவரினூடாகச் சாயம் வெளியேறிவிடுகின்றது.

ஆகவே முழுச் சோதனையும் மதுசாரம் ஊற்றும் அந்தச் சில விநாடிகளிலேயே தங்கியிருக்கின்றது. குறைவாகக் கழுவினால் மறை வகையும் ஊதாவாக நிற்கும். அதிகமாகக் கழுவினால் நேர் வகையும் நிறமிழந்து சிவப்பாகிவிடும். பூச்சுத் தடிப்பானாலும் பிழை நேரும். பல நாள் வைத்திருந்த பழைய வளர்ப்பிலே சுவர் சிதைந்த நேர்ப் பற்றீரியாக்கள் சிவப்பாகத் தோன்றுவதும் உண்டு.

இதனை நாம் நூலிற் கற்றது மட்டுமன்று, பட்டும் அறிந்தோம். நாம் பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்திலே செய்முறைப் பரீட்சையொன்றில் பெயரறியா வளர்ப்பு ஒன்று தரப்பட்டது. பக்கத்தில் நின்ற நண்பர் முடித்துவிட்டாரே என்ற பதற்றத்தில் மதுசாரத்தைத் தாராளமாக ஊற்றினோம். சிவந்த கோளங்கள் தெரிந்தன. கிராம் மறைக் கோளங்கள் என்று உறுதியாக எழுதினோம். அதன்பின் செய்த சோதனை ஒவ்வொன்றும் அம்முடிவோடு முரண்பட்டது. நாமோ முதல் முடிவை ஐயுறாது, பின்வந்த சோதனைகளையே ஐயுற்றோம். உண்மையிலே அது கிராம் நேர் வகையான ஸ்ரபிலோகொக்கஸ்.

பரீட்சை முடிந்த பின் எமது ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, பெயர் தெரிந்த நேர் வகை ஒன்றையும் மறை வகை ஒன்றையும் அதே வழுக்கியிலே பக்கத்திற் பூசியிருந்தால் உமது கையின் பிழையை அவை காட்டிக் கொடுத்திருக்குமே" என்று மட்டும் சொன்னார். அன்று நாம் இழந்தவை சில புள்ளிகள். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் அதே பிழை நேருமாயின் இழப்பவர் நோயாளியன்றோ? பெயர் தெரிந்த இரண்டினைப் பக்கத்தில் வைத்துச் சோதிக்கும் அவ்வழக்கத்தை அன்று முதல் நாம் கைவிட்டதில்லை. எமது மாணவர்களையும் கைவிட விடுவதில்லை.

மணிமாலையும் திராட்சைக் குலையும்

நிறத்தின் பின்னர் உருவத்தையும் அடுக்கையும் நோக்க வேண்டும். கோளமா, கோலா? சங்கிலியா, குலையா, இணையா? ஸ்கொட்லாந்து தேசத்து அபர்டீன் நகரில் சத்திரசிகிச்சை வைத்தியராயிருந்த அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்பார், கட்டுகளிலிருந்து எடுத்த சீழிலே திராட்சைக் குலை போன்று திரண்டிருந்த கோளங்களைக் கண்டு, 1882 ஆம் ஆண்டில் அவற்றுக்கு ஸ்ரபிலோகொக்கஸ் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே ஸ்ரபிலே என்பது திராட்சைக் குலையைக் குறிக்கும். சங்கிலியாகத் தொடர்வன ஸ்ரெப்டோகொக்கஸ். கோலுருவினவற்றுள்ளும் கிராம் நேர் வகைகள் பல உண்டு. தொண்டைக்கரப்பான் எனப்படும் டிப்தீரியாவின் கிருமியும், ஏற்புவலிக் கிருமியும், அந்திராக்ஸ் கிருமியும் அவ்வகையினவே.

யோகட்டிலே இருப்பன இரண்டு. ஒன்று சங்கிலியான கோளம். ஸ்ரெப்டோகொக்கஸ் தேர்மோபிலஸ் என்பது அதன் பெயர். மற்றையது கோலுருவான லக்டோபசிலஸ். இரண்டும் கிராம் நேர் வகையே. பாலிலுள்ள வெல்லத்தைப் புளிப்பாக்கிப் பாலை உறையச் செய்வன இவையே. சிறுவரின் தொண்டையைத் தாக்குவதும் சங்கிலியான ஊதாக் கோளமே. அதன் பெயர் ஸ்ரெப்டோகொக்கஸ் பையோஜெனஸ். எமது மாணவன் கண்ட ஒற்றுமை இதுதான். குடும்பப் பெயர் ஒன்று, முகச்சாயலும் ஒன்று, தொழில் வேறு.

இன்னுமொன்று. நோயற்ற மனிதரின் தொண்டையிலும் வாயிலும் தீங்கற்ற ஸ்ரெப்டோகொக்கஸ் வகைகள் பல என்றும் குடியிருக்கின்றன. அச்சிறுவனின் தொண்டையைத் துடைத்தெடுத்த பஞ்சினை நேரே வழுக்கியிற் பூசிச் சாயமூட்டினால் ஊதாச் சங்கிலிகள் தெரியத்தான் செய்யும். உமது தொண்டையிலிருந்து எடுத்தாலும், எமது தொண்டையிலிருந்து எடுத்தாலும் அவ்வாறே தெரியும். ஆகவே பத்து நிமிடத்திற் பார்க்கலாம். ஆனாற் பார்த்ததைக் கொண்டு நோயின் காரணத்தைச் சொல்ல முடியாது. கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் எமது முதுமொழி ஆய்வுகூடத்திற்கும் பொருந்தும்.

இரண்டு நாள் விசாரணை

விசாரணை முதல் நாளே தொடங்குகின்றது. செம்மறியாட்டுக் குருதி கலந்த ஏகார்க் கூழ் உறைந்திருக்கும் கிண்ணமொன்றில் அப்பஞ்சினைப் பூசி, கம்பி வளையத்தினால் மெல்ல மெல்லப் பரப்பி, உடலின் வெப்பநிலையை ஒத்த 35 முதல் 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள பெட்டியில் ஓரிரவு வைக்கின்றனர். தனித்து விழுந்த ஒவ்வொரு பற்றீரியாவும் பெருகி, மறுநாட் காலையிலே கண்ணுக்குத் தெரியும் சிறு புள்ளியாகின்றது. ஒரு புள்ளியிலுள்ளவை யாவும் ஒரே மூதாதையின் சந்ததி. கலந்து கிடந்த கூட்டத்தைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதற்கே அந்த முதல் இரவு செலவாகின்றது. வேறு குறுக்கு வழியில்லை.

மறுநாட் காலையில் அப்புள்ளிகளைச் சூழ்ந்துள்ள சிவப்பு நிறத்தைக் கவனிக்கின்றனர். தொண்டையில் இயல்பாக வாழும் தீங்கற்றவை பலவற்றைச் சுற்றி மங்கிய பச்சை நிறம் படர்ந்திருக்கும். பையோஜெனஸ் இருக்குமாயின் அதன் சிறிய புள்ளியைச் சுற்றிலும் குருதிக்கலங்கள் முற்றாகச் சிதைந்து, கண்ணாடிபோற் தெளிந்த அகன்ற வட்டம் காணப்படும். ஐயத்துக்குரிய அப்புள்ளியிலிருந்தே இப்போது கிராம் சாயமூட்டல் நடைபெறுகின்றது. இங்கே ஊதாச் சங்கிலி தெரியுமாயின் அதற்குப் பொருள் உண்டு.

எனினும் தெளிந்த வட்டம் ஸ்ரபிலோகொக்கசைச் சுற்றியும் தோன்றலாம். கோளங்கள் குலையா, சங்கிலியா என்று கண் மயங்குவதும் உண்டு. அங்கே ஓர் எளிய சோதனை துணைசெய்கின்றது. புள்ளியிற் சிறிதை எடுத்து 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டுத் துளியிலே கலந்தால், ஸ்ரபிலோகொக்கஸ் உடனே நுரைக்கும், ஸ்ரெப்டோகொக்கஸ் நுரைக்காது. கற்றலேஸ் என்னும் நொதியம் அத்திரவத்தைப் பிரித்து ஒட்சிசனை வெளிவிடுவதே நுரைக்குக் காரணம். ஸ்ரெப்டோகொக்கசில் அந்நொதியம் இல்லை. காயத்தில் அம்மருந்தை ஊற்றும்போது நுரை பொங்குவதைத் தாய்மார் கண்டிருப்பர். அங்கும் அதே நொதியந்தான், ஆனால் எமது குருதியிலுள்ளது. இதனாலேயே குருதிக் கூழிலிருந்து புள்ளியை எடுப்பவர் கூழைச் சற்றும் கிளறாமல் எடுக்க வேண்டும். சிறிதளவு குருதி கலந்துவிட்டாலும் நுரைக்காதது நுரைத்ததாகத் தோன்றிப் பொய்ச்சாட்சி கூறிவிடும்.

நுரைத்தது ஸ்ரபிலோகொக்கஸ் என்றாயின் விசாரணை வேறு வழியிற் செல்லும். முயலின் குருதித் தெளிவிலே அதனைக் கலந்து வைத்தால், கட்டுகளுக்கும் கொடிய தொற்றுகளுக்கும் காரணமாகும் ஓரியஸ் என்னும் வகை பெரும்பாலும் நான்கு மணித்தியாலத்துள் அதனை உறையச் செய்துவிடும். தோலிலே சாதுவாக வாழும் எபிடேர்மிடிஸ் என்னும் வகை அவ்வாறு செய்யாது.

நுரைக்காத சங்கிலிக்கோ இன்னுமொரு கேள்வி. தெளிந்த வட்டம் இடும் ஸ்ரெப்டோகொக்கஸ் வகைகளும் ஒன்றுக்கு மேற்பட்டவை. எனவே அதனைப் புதிய குருதிக் கூழிற் பூசி, பசிட்ரசின் என்னும் மருந்து ஊறிய சிறு கடதாசித் தட்டினை அதன்மேல் வைத்து மீண்டும் ஓரிரவு காத்திருக்கின்றனர். பையோஜெனஸ் அம்மருந்துக்கு அஞ்சும். தட்டைச் சுற்றி அது வளராது. ரெபேக்கா லான்ஸ்பீல்ட் என்னும் அமெரிக்கப் பெண் அறிஞர் 1933 ஆம் ஆண்டில், இக்கிருமிகளின் சுவரிலுள்ள பொருள்களைக் கொண்டு அவற்றை ஏ, பி, சி என்று கூட்டங்களாகப் பிரிக்கும் வழியை வெளியிட்டார். பையோஜெனஸ் ஏ கூட்டத்தைச் சேர்ந்தது. அச்சுவர்ப் பொருளை நேராகக் கண்டறியும் விரைவுச் சோதனைகளும் இன்று உண்டு. வசதியுள்ள இடங்களில் அவை நேரத்தை மிகவும் சுருக்கிவிடுகின்றன.

நிறம், உருவம், குருதி வட்டம், நுரை, மருந்துக்கு அஞ்சுதல் என ஐந்து சாட்சிகள். எந்தச் சாட்சியும் தனித்துத் தீர்ப்புக் கூறுவதில்லை. ஐந்தும் ஒத்துவரும்போதே ஆய்வுகூடத்தார் அறிக்கையிற் கையொப்பமிடுகின்றனர். அந்த இரண்டு நாள் இவ்வாறே கழிகின்றது.

காத்திருப்பதால் என்ன பயன்?

இத்துணைப் பாடு எதற்கு, தொண்டை நோ தானே மாறிவிடாதா என்று சிலர் கேட்கக்கூடும். பெரும்பாலும் மாறிவிடும் என்பது உண்மையே. தொண்டை நோக்களிற் பெரும்பாலானவை வைரசுகளால் வருவன. வைரசுக்குப் பெனிசிலினும் அதன் இனத்து மருந்துகளும் பயன்படா. அவற்றை வீணே விழுங்கினால் உடலில் வாழும் நல்ல பற்றீரியாக்கள் அழியும்; தப்பிப் பிழைத்தவை மருந்துக்கு அடங்காதனவாகும். ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் இதற்குச் சான்று. பெனிசிலினுக்கு அடங்காத அவ்வினத்தை ஒடுக்குவதற்கென மெதிசிலின் என்னும் மருந்து வந்து ஈராண்டு கழியுமுன்னரே, 1961 ஆம் ஆண்டில் அம்மருந்துக்கும் அடங்காத வகை இங்கிலாந்தில் அறியப்பட்டது. அலுமாரியிற் கிடக்கும் மிஞ்சிய குளிசை எவ்வளவு பெரிய கதையின் சிறு பகுதி என்பதைத் தாய்மார் சிந்திக்க வேண்டும்.

மறுபுறத்தில், காரணம் பையோஜெனசாக இருந்து, நோ தானே மாறிவிட்டதென்று விட்டுவிட்டால் அதிலும் ஆபத்து உண்டு. தொண்டை மாறி இரண்டு மூன்று வாரம் கழிந்தபின் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் திரும்புகின்றது, மூட்டுகள் வீங்குகின்றன, இருதயமும் தாக்கப்படுகின்றது. இதனையே ருமாற்றிக் காய்ச்சல் என்பர். ஐந்து வயது முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே இது பெரிதும் நாடுகின்றது. கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட உடலின் காவற்படை, தன் இருதயத்தையே பகையென்று மயங்கித் தாக்குவதால் வருவது இந்நோய். இருதய வால்வுகள் ஒருமுறை பழுதுற்றாற் பின்னர் வாழ்நாள் முழுவதும் அத்துன்பம் தொடரக்கூடும். இங்கும், ஆள் மாறாட்டமே கேட்டுக்குக் காரணமாதலைக் காண்க.

ஆனால் ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. நோய் தொடங்கி ஒன்பது நாட்களுக்குள் தக்க மருந்தைத் தொடங்கினால் ருமாற்றிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்பது மருத்துவர் கண்ட முடிவு. ஆகவே வைத்தியர் பிள்ளையைப் பார்த்து, காத்திருக்கலாம் என்று கூறியிருப்பாராயின், ஆய்வுகூடத்தார் கேட்கும் இரண்டு நாளாற் கேடு இல்லை. மேலும், எத்தனையோ கிருமிகள் பெனிசிலினை வென்றுவிட்ட இக்காலத்திலும் பையோஜெனஸ் அதற்கு அடங்கியே நிற்கின்றது. சரியாக இனங்கண்டுகொண்டால், பழைய, மலிவான மருந்தே போதும். பிள்ளை மூச்செடுக்கவோ நீர் விழுங்கவோ முடியாது தவித்தாலும், நிலைமை மோசமானாலும், அறிக்கைக்குக் காத்திராது உடனே மீண்டும் வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கின்றோம்.

இன்று பெரிய வைத்தியசாலைகளில் திணிவு நிறமாலைமானி என்னும் பொறி வந்துவிட்டது. கிண்ணத்தில் வளர்ந்த புள்ளியிற் சிறிதை அதிலே வைத்தால், பற்றீரியாவின் புரதங்களை லேசர் ஒளியினாற் சிதறடித்து நிறுத்துப் பார்த்துச் சில நிமிடங்களிற் பெயரைச் சொல்லிவிடும். ஆயினும் அப்புள்ளி வளர ஓரிரவு வேண்டும் என்பது மாறவில்லை. அன்றியும், நியூமோகொக்கசையும் வாயில் வாழும் அதன் தீங்கற்ற நெருங்கிய உறவினத்தையும் பிரிப்பதில் அப்பொறியும் தடுமாறுவதுண்டு. அங்கே பழைய சோதனைகளையே மீண்டும் நாடுகின்றனர். கிராம் குறையுடையதென்று ஒப்புக்கொண்ட அச்சாயமும் 140 ஆண்டு கடந்த பின்னும் முதற் கேள்வியாகவே நிற்கின்றது. அதைக் கொண்டு முதற் கேள்விக்கு மட்டுமே விடை தேடுவோர்க்கு அது ஒருபோதும் பயன்படாமற் போனதில்லை.

இவ்வளவையும் கேட்ட மாணவன் தன் வழுக்கியை எடுத்துக் கழுவப் போனான். கழுவுமுன் மீண்டும் ஒருமுறை பார்க்கும்படி கூறினோம். "இப்போது என்ன எழுதுவீர்?" என்று கேட்டோம். சற்றுச் சிந்தித்து, "கிராம் நேர், கோளம், சங்கிலி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும் சேர்" என்றான். அன்று முழு வகுப்பிலும் நாம் கேட்ட விடைகளுள் மிகச் சிறந்தது அதுவே.

"அப்போ அம்மாவுக்கு என்ன சொல்வது?" என்றான்.

யோகட்டிலுள்ள கிருமி தொண்டை நோவின் கிருமியன்று என்று சொல்லலாம். நோயுற்ற பிள்ளைக்கு எவ்வுணவு இதமாயிருக்கும் என்பதைத் தாயின் கைப்பக்குவத்துக்கே விட்டுவிடலாம். அந்தக் குளிசைகளை மட்டும் தொட வேண்டாமென்று கட்டாயம் சொல்ல வேண்டும் என்றோம்.

மூன்றாம் நாள் அவன் வந்து அறிக்கை கிடைத்ததைச் சொன்னான். ஏ கூட்டத்து ஸ்ரெப்டோகொக்கஸ். நோய் தொடங்கி ஆறாம் நாளிலே பெனிசிலின் தொடங்கப்பட்டது. பத்து நாட்களுக்குக் கொடுக்கும்படி வைத்தியர் எழுதியிருந்தார். இரண்டு நாளிலே சிறுவன் எழுந்து விளையாடத் தொடங்கிவிட்டான். இனி மருந்து எதற்கு என்று வீட்டிலே மீண்டும் பேச்சு எழுந்ததாம். இம்முறை தாயாருக்குக் காரணம் கூறியவன் எமது மாணவனே. பத்தாம் நாட் குளிசையும் விழுங்கப்பட்டது. அலுமாரியிலே இம்முறை ஒன்றும் மிஞ்சவில்லை.